சூடான இன்ஜின் கிளம்ப மறுக்கிறதா? பழைய காரில் பெட்ரோல் பக்கக் கோளாறைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

காலையில் சாவியைத் திருப்பின உடனே வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஒரு மணி நேரம் ஓட்டினாலும் ஒரு திக்கல் இருக்காது. நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்து செல்ஃப் அடித்தால் மட்டும் இன்ஜின் சுற்றுமே தவிர பிடிக்காது. அப்படியே விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பிப் போகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், அவர் பானட்டைத் திறக்கும் நேரத்துக்கு எல்லாம் ஆறிப்போயிருக்கும், "நல்லாத்தானே இருக்கு" என்று சாவியைத் திருப்பிக் கொடுப்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆறின இன்ஜினில் இந்தக் கோளாறு உண்மையிலேயே இல்லை.

நானும் இதில் காசைக் கரியாக்கியவன்தான். முதலில் பம்ப் மாற்றினேன், அப்புறம் காயில் (பிளக்கில் ஸ்பார்க் வர மின்சாரத்தை உயர்த்திக் கொடுப்பது), அந்தக் காயில் மேலேயே சந்தேகம் வந்து இன்னொரு காயில். கடைசியில் கோளாறு இருந்தது கட்டைவிரல் அளவுள்ள ஒரு வெப்ப சென்சாரில். மூன்று பாகம் மாற்றியதற்குப் பதில், வண்டி அடம்பிடித்த ஏதாவது ஒரு நாளில் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் திசை தெரிந்திருக்கும். அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோளாறு வந்து நிற்கிற அந்த அரை மணி நேரத்துக்குள் சோதித்தால்தான் சோதனை. மற்ற நேரத்தில் செய்வதெல்லாம் ஊகம்.

நிறுத்தின பிறகுதான் சூடு ஏறுகிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. இன்ஜின் ஓடும்போது தண்ணீர் சுற்றுகிறது, ஃபேன் வீசுகிறது, முன்னாலிருந்து காற்று வருகிறது, டேங்கிலிருந்து சூடாகாத பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. நிறுத்தின நொடியில் இந்த நான்கும் நின்றுவிடும். ஆனால் இரும்பிலும் சைலன்சர் குழாயிலும் தேங்கியிருக்கும் சூடு எங்கே போகும்? மேலே ஏறும். மூடின பானட்டுக்கு அடியில் இருக்கிற கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விடும் பாகம்) பெட்ரோல் குழாய்களும், வண்டி ஓடியபோது இருந்ததைவிட நிறுத்தி 15 முதல் 30 நிமிடத்தில்தான் அதிகச் சூட்டுக்குப் போகின்றன. அதற்குப் பிறகு மெல்ல ஆறும்.

பெட்ரோல் ஒரே திரவம் இல்லை, பல எண்ணெய்களின் கலவை. அதில் லேசான பகுதி 35 முதல் 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும், கனமான பகுதி 200 டிகிரி வரை தாங்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் திறந்த பாத்திரத்தில் இருப்பது மாதிரிதான் இருக்கிறது, அதனால் சூடு ஏறினால் கொதிக்கும். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் என்ற முனைகள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டியில் அது 3 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் மூன்று மடங்கு) அளவு அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் அதே சூட்டிலும் திரவமாகவே நிற்கும். அந்த அழுத்தம் எங்காவது கசிந்து இறங்கினால்தான் அங்கே ஆவி உண்டாகும். ஆக கார்புரேட்டர் வண்டியில் சூட்டைத் தேட வேண்டும், இன்ஜெக்ஷன் வண்டியில் கசிவைத் தேட வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இதை இன்னும் மோசமாக்கும். தனி எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கிறது, ஆனால் 5, 10 சதவீதம் என்று பெட்ரோலில் கலக்கும்போது கலவையின் ஆவியாகும் குணம் கூடிவிடுகிறது. குளிர்காலத்துக்கென்று தயாரிக்கும் பெட்ரோலும் எளிதில் ஆவியாகும் வகை. அது டேங்கில் இருக்கும்போது திடீரென்று வெயில் அடித்தால் முதலில் படுத்துக்கொள்வது கார்புரேட்டர் வண்டிதான்.

கை வைக்கும் முன்

சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோலோடு வேலை செய்யப் போகிறீர்கள். பவுடர் வகைத் தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், காரின் டிக்கிக்குள் அல்ல. திறந்த வெளியில் செய்யுங்கள். சிகரெட் கூடாது, பழைய குண்டு பல்பு விளக்கு கூடாது, எல்இடி டார்ச் போதும். இன்ஜெக்ஷன் வண்டியில் எந்தக் குழாயைக் கழற்றும் முன்பும் அழுத்தத்தை இறக்குங்கள்: பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டால் தானாக நின்றுபோகும், அதன் பிறகும் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டுதான் கழற்ற வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் தொடவே வேண்டாம். கியர் நியூட்ரலில், கைப்பிரேக் போட்டு. செல்ஃபை ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் அரை நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் பழைய கோளாறோடு புதுக் கோளாறும் சேரும்.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். மல்டிமீட்டர், ஸ்பார்க் டெஸ்டர், பிளக் ஸ்பானர், பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் கேஜ், ரப்பர் ஓஸை நசுக்காமல் பிடிக்கிற இரண்டு கிளாம்ப். ஒரு நோட்டும் பேனாவும் கட்டாயம்.

படி 1: நேரத்தை எழுதுங்கள்

"சூட்டில் ஸ்டார்ட் ஆகாது" என்பது போதாது. நிறுத்தி 2 நிமிடம், 10 நிமிடம், 20 நிமிடம், 40 நிமிடம், 2 மணி நேரம் என்று வெவ்வேறு நாளில் முயன்று பாருங்கள். எத்தனை நொடி சுற்றின பிறகு பிடித்தது, பிடித்ததும் புகை வந்ததா, என்ன நிறம், ஐட்லிங் ஆடியதா, பெட்ரோல் நாற்றம் இருந்ததா. எல்லாவற்றையும் எழுதுங்கள். அன்றைக்கு டேங்க் எவ்வளவு இருந்தது என்பதையும்.

2 நிமிடத்தில் நன்றாக எடுத்து, 20 நிமிடத்தில் அடம்பிடித்து, 2 மணி நேரத்தில் மறுபடி நன்றாக எடுத்தால் அது தேங்கிய சூட்டின் வேலை. நிறுத்தின உடனேயே, 2 நிமிடத்திலேயே எடுக்கவில்லை என்றால் சூடு தேங்க நேரமே இல்லை. அப்போது, இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கம்ப்யூட்டருக்குத் தவறான வெப்பநிலை போகிறதா, ஸ்பார்க் அறுகிறதா என்று யோசியுங்கள். ராத்திரி முழுக்க நின்றபிறகும் காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறதா? அழுத்தம் இறங்கிப்போகிறது, சூடு அதை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். பெட்ரோல் போட்ட பிறகு மட்டும் வருகிறது என்றால் நேராகப் படி 7-க்குப் போய்விடுங்கள்.

படி 2: இது பெட்ரோல் கோளாறுதானா?

பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நானும்தான், ஆனால் எதிர்ப்பக்கமாக.

முதலில் காதால் கேளுங்கள். செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, இல்லை இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? சைலன்சர் குழாய்க்கு அருகில் இருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் சூட்டில் சோர்ந்துபோவது சாதாரணம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் முதலில் பேட்டரியையும் கேபிளையும் எர்த் இணைப்பையும் பாருங்கள். சுற்றும்போது எதிரே யாரோ பிடித்துத் தள்ளுவது மாதிரி நின்று நின்று சுற்றினால் இக்னிஷன் டைமிங் முன்னால் போயிருக்கலாம்.

அடுத்தது ஸ்பார்க். வண்டி எடுக்காமல் நிற்கிற அந்த நேரத்தில் ஒரு பிளக் வயரில் டெஸ்டரை மாட்டி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பளிச்சென்று நீலமாக, விடாமல் வந்தால் ஸ்பார்க் பக்கம் சரி. பெட்ரோல் ஆவி சூழ்ந்திருந்தால் டெஸ்டரைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் காயில், கண்டென்சர், காயிலை இயக்கும் எலக்ட்ரானிக் மாட்யூல் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. மாட்யூலுக்கு அடியில் சூடு கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அது வெந்து வெந்து செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்ஜெக்ஷன் வண்டியில் ஸ்பார்க்கும் இல்லை, இன்ஜெக்டர் துடிப்பும் இல்லை, ஆர்பிஎம் முள் செல்ஃப் அடிக்கும்போது அசையவே இல்லை என்றால், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே அதன் இரு முனைக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். இப்படிக் கம்பிச் சுருள் உள்ள வகைச் சென்சாரில் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரும் இடத்தில் மீட்டர் எல்லையற்றது என்று காட்டினால் குற்றவாளி அதுதான், பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம்.

படி 3: பெட்ரோல் அதிகமா, குறைவா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்தப் பாகத்தையும் தொடாதீர்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டியில் இரண்டு எதிரெதிர் நோய்கள் ஒரே அறிகுறியோடு வருகின்றன. ஒன்று, நின்ற நேரத்தில் பெட்ரோல் உள்ளே ஒழுகி சிலிண்டர் ஓவராகிவிடும், அதாவது பெட்ரோலில் நனைந்துவிடும். இன்னொன்று, குழாயில் ஆவி அடைத்துக்கொண்டு பெட்ரோலே வராது. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு விஷம்.

சோதனைகளை ஒரே நிறுத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யாதீர்கள். முதல் முயற்சியிலேயே உள்ளே நிலைமை மாறிவிடும், இரண்டாவது முயற்சி சொல்வது பொய். ஒவ்வொரு சோதனைக்கும் வண்டியை மறுபடி நன்றாகச் சூடாக்கி, உங்கள் நோட்டில் மோசம் என்று எழுதியிருக்கும் அதே நிமிடக் கணக்கில் நிறுத்தி, புதிதாகத் தொடங்குங்கள். அலுப்பான வேலைதான்.

முதல் நாள்: ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பம்ப் பண்ணக் கூடாது. கார்புரேட்டர் வண்டியில் இது அதிகக் காற்றை விட்டு உள்ளே தேங்கியதைத் துடைக்கும். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டர்கள் பெடல் முழுக்க மிதிபட்டிருந்தால் செல்ஃப் நேரத்தில் இன்ஜெக்டரையே நிறுத்திவிடும். இப்படிச் செய்து கொஞ்ச நேரத்தில் திக்கித் திணறி, கறுப்புப் புகையோடு பிடித்தால் பெட்ரோல் அதிகம்.

இரண்டாவது நாள், இன்ஜெக்ஷன் வண்டியானால்: செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் செய்யுங்கள், பின்னால் பம்ப் இரண்டு நொடி முனகி நிற்கும். ஆஃப். மறுபடி ஆன். இப்படி நான்கு தடவை செய்துவிட்டு அப்புறம் செல்ஃப் அடியுங்கள். உடனே எடுத்தால் நின்ற நேரத்தில் அழுத்தம் இறங்கியிருந்தது, இப்போது பம்ப் அதை ஏற்றிவிட்டது. ஒரு எச்சரிக்கை: 70-களின் சில இன்ஜெக்ஷன் அமைப்புகளில் சாவி ஆன் செய்ததும் பம்ப் ஓடாது, செல்ஃப் அடித்தால்தான் ஓடும். அங்கே இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

மூன்றாவது நாள், எடுக்காமல் நிற்கும்போது இரண்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சூடான அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும் அபாயம் உண்டு, பதமாக, மரை சிக்குவது மாதிரி தெரிந்தால் விட்டுவிடுங்கள். பிளக் நனைந்து பளபளத்தால் அதிகம். காய்ந்து வெளிர்ந்திருந்தால், 10 நொடி செல்ஃப் அடித்த பிறகும் நாற்றமே இல்லை என்றால், குறைவு. ஒரே ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரை அப்போதே சந்தேகியுங்கள். எனக்கு நான்கு பிளக்குமே குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

படி 4: கார்புரேட்டர் வண்டி

நன்றாகச் சூடான வண்டியை நிறுத்தி, உடனே ஏர் ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்து கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள். இது சினிமா மாதிரி, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு நடுவில் இருக்கும் சிறு குழலிலிருந்து சொட்டுச் சொட்டாக பெட்ரோல் விழத் தொடங்கினால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் கொதிக்கிறது, பொங்கி வழிகிறது. சில நேரம் கொதிக்கிற சத்தமே கேட்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, அதே வாய்க்குள் பார்த்துக்கொண்டே கையால் த்ராட்டில் கம்பியை ஒரு தடவை இழுங்கள். ஆக்சிலரேட்டர் பம்பிலிருந்து கம்பி மாதிரி பெட்ரோல் பீய்ச்சினால் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது. ஒன்றும் வரவில்லை, இல்லை வெறும் காற்றுக் குமிழ் மாதிரி தும்மினால் சேம்பர் காலி. எஸ்யூ மாதிரி சில கார்புரேட்டர்களில் இந்தப் பம்ப் கிடையாது, அங்கே சேம்பர் மூடியைத் திறந்து அளவைப் பார்க்க வேண்டியதுதான்.

பொங்கி வழிகிற வண்டிக்கு முதலில் ஃப்ளோட் (மிதவை) உயரத்தைப் பாருங்கள். பெட்ரோல் மட்டம் கையேட்டில் சொன்னதைவிட 2 மில்லிமீட்டர் உயர்ந்து இருந்தாலும் கொதிக்கும்போது வழிய இடம் தயாராக இருக்கிறது. சேம்பருக்குள் பெட்ரோல் வருவதைத் திறந்து மூடும் நீடில் வால்வின் கூர்முனையில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் நீடிலையும் சீட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பித்தளை ஃப்ளோட் என்றால் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே பெட்ரோல் தளும்பினால் ஓட்டை. பெட்ரோலைத் துடைத்துவிட்டு வெந்நீரில் முக்கினால் எங்கே ஓட்டை என்று குமிழ் காட்டிக்கொடுக்கும். குளிர் ஸ்டார்ட்டுக்காகக் காற்றைக் குறைக்கும் சோக் தகடு சூட்டில் முழுக்கத் திறந்து நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் சோக் பாதி மூடியே நின்றால், மேலே சொன்ன எதுவும் இல்லாமலேயே வண்டி ஓவராகும்.

பம்ப் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். வண்டியோடு வந்த மெக்கானிக்கல் பம்ப் பொதுவாக 3 முதல் 6 பிஎஸ்ஐ (ஒரு பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ) வரை தரும். எஸ்யூ, வெபர் வகைகளுக்கு 2 முதல் 3.5 பிஎஸ்ஐ போதும். யாரோ மாற்றி வைத்த எலக்ட்ரிக் பம்ப் 6, 7 பிஎஸ்ஐ தள்ளிக்கொண்டிருந்தால் எவ்வளவு நல்ல நீடிலும் திறந்துகொள்ளும்.

இதெல்லாம் சரி, ஆனாலும் கொதிக்கிறது என்றால், சூடு வரும் வழியை அடையுங்கள். கார்புரேட்டருக்கும், அதிலிருந்து சிலிண்டர்களுக்குப் பிரிந்து போகும் குழாயான மேனிஃபோல்டுக்கும் நடுவே, சூட்டை எளிதில் கடத்தாத பேக்கலைட் ஸ்பேசர் இருக்க வேண்டும். முன்பு யாராவது கழற்றினவர் அதைப் போட மறந்து வெறும் கேஸ்கெட் வைத்திருப்பார். நிறையப் பார்த்திருக்கிறேன். புதிதாகத் தடித்த ஸ்பேசர் போட்டால் போல்ட் நீளம், கேபிள் கோணம், பானட் மூடும் இடைவெளி மூன்றையும் சரிபாருங்கள். குளிரில் மேனிஃபோல்டைச் சூடாக்க சைலன்சர் புகையைத் திருப்பிவிடும் வால்வு உள்ள வண்டியில், அது துருப்பிடித்து மூடியே நின்றால் கார்புரேட்டர் அடுப்பில் உட்கார்ந்திருப்பது மாதிரிதான். கையால் ஆட்டிப் பாருங்கள், தளர்வாக ஆட வேண்டும்.

சேம்பர் காலி என்றால் கதை வேறு. பம்புக்கு முன்னால் இருக்கும் குழாயில் பம்ப் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது, உறிஞ்சும்போது அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிறது. பம்பால் ஆவியைத் தள்ள முடியாது. எடுக்காமல் நிற்கும்போது, ஈரத் துணியைப் பம்பின் மேலும் அதற்கு வரும் குழாயின் மேலும் போர்த்தி இரண்டு நிமிடம் விடுங்கள். அப்புறம் எடுத்தால் ஏர் லாக், அதாவது குழாயில் ஆவி அடைப்பு, உறுதி. தண்ணீரை வாளியோடு ஊற்றாதீர்கள், சூடான வார்ப்பிரும்பு வெடித்துவிடும். குழாயில் மரக் கிளிப் வரிசையாக மாட்டினால் சூட்டை இழுத்துவிடும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. மாட்டின வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், கிளிப் அழகாக இருக்கிறது, வண்டி நின்றுதான் இருக்கிறது.

குழாயைச் சைலன்சரிலிருந்து தள்ளிக் கொண்டுபோவது, சூடு தாங்கும் உறை போடுவது, டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் அடைபடாமல் இருப்பது இவைதான் உண்மையான தீர்வு. ரிட்டர்ன் குழாயின் வேலையே ஆவியைத் திருப்பி அனுப்புவது. பம்புக்கு முன்னால் உள்ள ரப்பர் ஓஸ் காய்ந்து வெடித்திருந்தால் வெளியே பெட்ரோல் கசியாது, உள்ளே காற்றை உறிஞ்சும், அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும். மலிவான பாகம், முதலில் மாற்றுங்கள். எலக்ட்ரிக் பம்புக்கு மாறுவதானால் டேங்குக்கு அருகில், தாழ்வாக வையுங்கள், அது தள்ளுவதில்தான் கெட்டி. மோதலில் பம்ப் நிற்க ஒரு கட்-ஆஃப் ஸ்விட்சும் சேர்த்தே போடுங்கள்.

படி 5: இன்ஜெக்ஷன் வண்டி

கேஜை மாட்டுங்கள். பல இன்ஜெக்டர் உள்ள பழைய அமைப்புகளில் 2.5 முதல் 3 பார் இருக்கும், அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்யூம் ஓஸைக் கழற்றினால் ஐட்லிங்கில் அரை பார் அளவுக்கு ஏற வேண்டும். கழற்றின ஓஸை மோந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரமோ நாற்றமோ இருந்தால் ரெகுலேட்டர் டயஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் நேராக மேனிஃபோல்டுக்குப் போகிறது. மேலே எதுவும் செய்ய வேண்டாம், ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

இல்லையென்றால் வண்டியை நிறுத்தி கேஜைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். ஆரோக்கியமான அமைப்பில் முதலில் லேசாக இறங்கும், பிறகு சூட்டில் பெட்ரோல் விரிவதால் கொஞ்சம் ஏறவும் செய்யும், அப்புறம் மிக மெதுவாக இறங்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் பூஜ்யத்துக்கு வந்தால் கசிவு. எவ்வளவு நேரம் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். த்ராட்டில் வாயில் ஒரே இன்ஜெக்டர் உள்ள, 1 பார் அளவில் ஓடும் சில அமைப்புகளில் நிறுத்தியதும் அழுத்தம் இறங்குவதே இயல்பு.

எங்கே கசிகிறது? இதற்குத்தான் கிளாம்ப். சாவியை ஆன் செய்து அழுத்தம் ஏற்றி, உடனே ரிட்டர்ன் ஓஸைக் கிளாம்ப் செய்து பாருங்கள். இப்போது அழுத்தம் நின்றால் கசிவது ரெகுலேட்டர் வழியாக. நிற்கவில்லையா, கிளாம்பை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றி, பம்பிலிருந்து வரும் ஓஸைக் கிளாம்ப் செய்யுங்கள். இப்போது நின்றால், பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு போய்விட்டது. சில பம்புகளில் அது தனியாகக் கிடைக்கும், டேங்குக்குள் இருக்கும் பல பம்புகளில் கிடைக்காது. இரண்டையும் சேர்த்து அடைத்தும் இறங்கினால் மிச்சம் இருப்பது இன்ஜெக்டர்கள்தான், இல்லை கண்ணில் படாத வெளிக்கசிவு. கெட்டியான பிளாஸ்டிக் குழாயைக் கிளாம்ப் செய்யாதீர்கள், உடையும். முப்பது வருஷ ரப்பர் ஓஸும் அதே மாதிரிதான், வெடிப்பு தெரிந்தால் முதலில் ஓஸை மாற்றிவிட்டுச் சோதியுங்கள். கிளாம்ப் மாட்டியபடி இன்ஜினை ஓட்ட வேண்டாம், ரிட்டர்ன் அடைபட்டால் அழுத்தம் எகிறும்.

இன்ஜெக்டர் ஒழுகல் என்று வந்தால் இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, ஆறின இன்ஜினில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலை அவற்றோடு தூக்கிக் கட்டி, அடியில் பாத்திரம் வைத்து அழுத்தம் ஏற்றி முனைகளைப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழுகிற இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யக் கொடுங்கள் அல்லது மாற்றுங்கள். கூடவே ஆயில் குச்சியையும் எடுத்து மோந்து பாருங்கள். ஆயில் அளவு தானாக ஏறியிருந்தால் அதில் பெட்ரோல் கலந்திருக்கிறது, ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

1973-ல் அறிமுகமான போஷ் கே-ஜெட்ரானிக் என்ற இன்ஜெக்ஷன் அமைப்பு உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே நிறுத்தின பிறகு அழுத்தத்தைக் காப்பதற்கென்றே அக்குமுலேட்டர் என்று ஒரு சிறு உருளை உண்டு. உள்ளே ஸ்பிரிங்கும் டயஃப்ரமும். டயஃப்ரம் கிழிந்தால் வண்டி ஓடும்போது பெரிதாகத் தெரியாது, சூட்டில் மட்டும் எடுக்காது. அதன் பின்பக்கச் சிறு குழாயைக் கழற்றிப் பாருங்கள், பெட்ரோல் வந்தால் முடிந்தது விஷயம். அழுத்தம் 5 பார் பக்கம் இருக்கும் என்பதால் இங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

படி 6: கம்ப்யூட்டருக்கு யார் பொய் சொல்கிறார்கள்?

என் மூன்று மாதத்தைத் தின்றது இதுதான். தண்ணீர் வெப்ப சென்சார் பெரும்பாலும் இரண்டு இருக்கும், ஒன்று டேஷ்போர்டு முள்ளுக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. முள் சரியாகக் காட்டுகிறது என்பதால் கம்ப்யூட்டருக்கும் சரியாகப் போகிறது என்று நினைத்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கான சென்சார், சூடு ஏற ஏற ஓம் குறையும் வகை. போஷ் வகைகளில் 20 டிகிரியில் 2,500 ஓம் பக்கமும், 80 டிகிரியில் 300 ஓம் பக்கமும் வரும். அது சூட்டிலும் 2,500 ஓம் காட்டினால் கம்ப்யூட்டர் இன்ஜின் ஆறியிருக்கிறது என்று நினைத்து பெட்ரோலை அள்ளிக் கொட்டும். நான்கு பிளக்கும் குளிக்கும்.

சென்சார் வாங்கும் முன்பே உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. வண்டி எடுக்காமல் நிற்கும்போது சென்சார் கனெக்டரைக் கழற்றி, அந்த இரண்டு ஓட்டையிலும் 300 ஓம் ரெசிஸ்டரைச் சொருகி செல்ஃப் அடியுங்கள். தேங்கியதைத் துடைக்க ஒரு தடவை பெடலை முழுக்க மிதிக்க வேண்டியிருக்கலாம். எடுத்துவிட்டால் சென்சார் அல்லது அதன் கனெக்டர். கனெக்டரில் பச்சைப் பூப்பு இருந்தால் அதைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டே சென்சார் வாங்குங்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து சென்சார் காற்றில் தொங்கினாலும் இதே பொய்தான் வரும்.

70, 80-களின் வண்டிகளில் குளிர் ஸ்டார்ட்டுக்கென்று தனி இன்ஜெக்டரும் அதைக் கட்டுப்படுத்த வெப்ப ஸ்விட்சும் இருக்கும். ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் சூட்டிலும் அது பீய்ச்சும். அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கழற்றியும் ஓவராகிறது என்றால் அந்த இன்ஜெக்டரே ஒழுகுகிறதா என்று தனியாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

படி 7: மிச்சம் மீதி

பெட்ரோல் போட்ட உடனே மட்டும் அடம்பிடித்தால், டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தே கிடக்கலாம். அதற்கு வரும் ஓஸை அடைத்துவிட்டு ஒரு தடவை டேங்க் நிரப்பிப் பாருங்கள்.

டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

சாவி ஆன் செய்ததும் பம்ப் ஓட வேண்டிய வண்டியில் அது முனகவே இல்லை என்றால், பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலேயைப் பாருங்கள். வெயிலில் நின்ற வண்டியின் டேஷ்போர்டுக்குள் ரிலேயின் பற்றவைப்பு வெடித்து இணைப்பு விட்டுப்போகும், 80-களின் பிற்பகுதியிலும் 90-களிலும் வந்த ஹோண்டா கார்களின் மெயின் ரிலே இதற்குப் பேர்போனது. திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் சால்டரைச் சுற்றி முடி மாதிரி வளையம் தெரியும். மறுபடி சால்டர் வைத்தால் போதும்.

படி 8: சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

ஒரு தடவை எடுத்ததும் கொண்டாடாதீர்கள். நோட்டில் மிக மோசம் என்று எழுதியிருந்த அதே நேர இடைவெளியில், வெயில் உச்சியில், டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது மூன்று தடவை சோதியுங்கள். பெட்ரோல் குறைவாக இருந்தால் டேங்கில் சீக்கிரம் சூடேறும், அதனால்தான். மூன்றிலும் இரண்டு நொடிக்குள் எடுத்தால் அந்தப் பக்கத்தை நோட்டில் அடித்துவிடலாம். இரண்டு எடுத்து ஒன்று மட்டும் அடம்பிடித்தால் இரண்டாவது கோளாறு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. பழைய வண்டியில் ரெகுலேட்டரும் செக் வால்வும் சேர்ந்தே தேய்ந்திருப்பது அதிசயமில்லை, படி 3-க்குத் திரும்புங்கள்.

நீங்கள் கழற்றி மாட்டின ஒவ்வொரு ஓஸ் இணைப்பையும் மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன், விரலால் தடவிப் பாருங்கள். சூட்டில் இறுகியிருந்த கிளிப் ராத்திரி ஆறியதும் தளர்ந்து கசிந்திருந்தால் அப்போதுதான் கையில் ஈரம் படும்.